பயிற்சி விமானப் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளையிங் ஸ்கூல் ஹேங்கரில் வேலை பார்த்தால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள், பயந்துபோன பெற்றோர், ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், சில சமயம் பள்ளி நடத்துபவர்களேகூடக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172-ஐ வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறேன். 152-ம் நடுநடுவே வரும். எண்கள் லைகமிங் நிறுவனத்தின் என்ஜின் பொருத்திய விமானங்களுக்கானவை. உங்கள் விமானத்துக்கு அதன் சொந்தக் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

நல்லா ஓடிக்கிட்டு இருக்கற விமானத்தை 50 மணி, 100 மணின்னு எதுக்கு நிறுத்துறீங்க?

50 மணி ஆய்வில் முக்கிய வேலை என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது. அதிகம் பறக்காத விமானமாக இருந்தாலும் 4 மாதத்துக்கு மேல் அதே ஆயிலை வைத்திருக்கக் கூடாது என்பது லைகமிங்கின் விதி. என்ஜினை மூடியிருக்கும் தகடான கௌலிங்கைக் கழற்றியதும் எங்கே கசிகிறது, எந்த ஒயர் எதில் உரசுகிறது, எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் உண்டா என்று பார்த்துவிடுவோம். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதில்லை. வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்ப்போம். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத்தான் இது, என்ஜினின் உள்நிலவரம் அங்கே தெரியும். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ வெண்கலமாகவோ இருக்கலாம். எது என்று தெரிந்தால் எந்தப் பாகம் தேய்கிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.

100 மணியில் ஸ்பார்க் பிளக், கம்ப்ரெஷன், பிரேக் பேடு, வீல் பேரிங், கட்டுப்பாட்டுக் கேபிள்களும் கப்பிகளும், பேட்டரி, சீட் தண்டவாளம் என்று பட்டியல் நீளும். சொந்த விமானம் வைத்திருப்பவர் ஒரு வருடத்தில் பறக்கிற 50 மணியைப் பயிற்சி விமானம் சில வாரங்களில் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட் பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறேழு தடவை தரையிறங்கும். டயர், பிரேக், மூக்குச் சக்கரம் எல்லாம் தேய்வது தரையிறக்கத்தின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான், மணியைப் பொறுத்து அல்ல. அதனால் அடுத்த 100 மணி வரட்டும் என்று இவற்றை மட்டும் விட்டுவைக்க முடியாது.

மணின்னா எந்த மணி? ஹாப்ஸ் ஒண்ணு காட்டுது, டேக்கோ ஒண்ணு காட்டுது.

ஹாப்ஸ் மீட்டர் பெரும்பாலும் ஆயில் அழுத்தம் வந்த நொடியிலிருந்து கடிகாரம்போல ஓடும். பழைய வகை டேக்கோ மீட்டர் அப்படியில்லை, என்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து மணியைக் கூட்டும். க்ரூஸ் வேகத்தில் ஓடினால்தான் அதில் ஒரு மணி ஒரு மணியாக ஏறும். டாக்ஸிவேயில் நின்று ஐடிலில் ஓடும்போது மெதுவாக ஏறும். அதனால் தரையில் அதிகம் காத்திருக்கும் பள்ளிகளில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விழும்.

மாணவரிடம் எந்தக் கணக்கில் பணம் வாங்குவது என்பது பள்ளியின் பாடு. பராமரிப்புக்கு, நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஒப்புக்கொண்ட பராமரிப்புத் திட்டத்தில் எந்தக் கணக்கு எழுதியிருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். ஆய்வு நெருங்கும்போது வசதியான மீட்டருக்குத் தாவக் கூடாது.

தினமும் நாங்க ப்ரீஃப்ளைட் பண்றோம். அதையே நீங்களும் காலையில பண்றீங்க. ஒண்ணுதானே?

பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கிற வேலை ஒன்றாகத் தெரியும், ஆனால் பார்க்கிற கண் வேறு. காலையில் நாங்கள் பார்த்த பிறகு அந்த விமானம் நாலு சார்ட்டி (பறத்தல்) போய்விட்டு வந்திருக்கும். நடுவே ஒரு டயர் பிரேக்கில் தேய்ந்து தட்டையாகியிருக்கலாம். அதை முதலில் பார்க்க வாய்ப்புள்ளவர் ஐந்தாவது சார்ட்டிக்குப் போகிற நீங்கள்தான்.

ஒரு சின்ன யோசனை: செக்லிஸ்ட்டை முடித்த பிறகு, பத்தடி தள்ளி நின்று முழு விமானத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஒரு பக்க இறக்கை தாழ்ந்திருப்பது, மூக்குச் சக்கரத்தின் ஸ்டிரட் (அதிர்வு தாங்கும் கால்) அமுங்கிக் கிடப்பது, விமானத்தை இழுக்கும் கம்பியான டவ் பாரை யாரோ கழற்றாமல் விட்டுப்போனது எல்லாம் பக்கத்தில் நின்றால் தப்பிவிடும்.

பிட்டாட் டியூபுக்கு மூடி போடறது அவ்ளோ முக்கியமா? ரெண்டு மணி நேரம்தானே நிக்குது.

முக்கியம். பிட்டாட் டியூப் என்பது எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் குழாய். அதன் சின்னத் துளை குளவிக்கு அளவெடுத்து வைத்த மாதிரி. மண்ணை அடைத்துக் கூடு கட்ட அதற்கு அதிக நேரம் தேவையில்லை. துளை அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் 301 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிட்டாட் குழாய் ஒன்றைக் குளவிக்கூடு அடைத்திருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையாளர்களின் கணிப்பு. அது போயிங் 757. துளை என்னவோ கிட்டத்தட்ட இதே அளவுதான்.

மூடியைப் போடுகிற கையே கழற்றவும் மறக்கக் கூடாது. சிவப்பு நாடா தொங்குவது அதற்காகத்தான்.

ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தா நானே முறுக்கிடலாமா, இன்ஜினியர் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

காத்திருங்கள். அது ஏன் தளர்ந்தது என்பதுதான் எங்களுக்குத் தேவையான தகவல். நீங்கள் முறுக்கிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். விமானத்தில் எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு, அதற்கு அளவீடு சரிபார்த்த டார்க் ரெஞ்சு உண்டு. வேலை முடிந்ததும் அந்த வகை விமானத்துக்கு அதிகாரம் பெற்ற உரிமத்துடன் ஒரு ஏஎம்இ கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கத் தகுதியாகும். பிஸ்டன் என்ஜின் விமானத்துக்கு அந்த உரிமம் பி1.2 பிரிவில் வரும்.

கார் கடையில அதே பெல்ட், அதே பல்பு பாதி விலைக்குக் கிடைக்குதே சார்?

பள்ளி முதலாளிகளின் கேள்வி இது. கிடைக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் விமானப் பாகத்தோடு ஒரு சான்றிதழ் வரும். எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தரத்தில் செய்தது என்று பின்னோக்கித் தேடிப்போகும் நூல் அது. நாளைக்கே அந்தத் தொகுப்பில் குறை இருப்பது தெரிந்தால் எந்தெந்த விமானத்தில் மாட்டியிருக்கிறோம் என்று ஒரே நாளில் கண்டுபிடிக்கலாம். கார் கடை ரசீதை வைத்துக்கொண்டு அது முடியாது.

என் பையன் ஓட்டற விமானம் அவனைவிட ரெண்டு மடங்கு வயசானது. பயமா இருக்கு.

பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் காருக்குப் போடும் வயதுக் கணக்கு இங்கே ஒத்துவராது. செஸ்னா 152 தயாரிப்பு 1985-லேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று பறக்கும் எந்த 152-ம் நாற்பது வயதைத் தொட்டதுதான். 172 தயாரிப்பு 1986-ல் நின்று, பத்து வருடம் கழித்து மீண்டும் தொடங்கியது. என்ஜின், ப்ரொப்பெல்லர், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ, குழாய்கள் எல்லாம் அதற்குள் பல தடவை மாறியிருக்கும். உண்மையிலேயே பழையது உடற்கூடு மட்டும்தான்.

அதில் பார்க்க வேண்டியவை துருவும் உலோகச் சோர்வும். இறக்கையைத் தாங்கும் ஸ்டிரட் கம்பியின் இணைப்பு, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார், சக்கரக் கால் பொருத்தும் இடம் ஆகியவற்றுக்கென்று வயதான விமானங்களுக்கான கூடுதல் ஆய்வுகளை செஸ்னா தன் பராமரிப்புக் கையேடுகளில் சேர்த்திருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் விமானத்துக்கு அவை சீக்கிரமே வரும். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கேட்பதை விட, "அந்தக் கூடுதல் ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரின் முகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டேங்க்ல தண்ணி எப்படி வருது? நாங்க பாக்கறப்ப எப்பவும் சுத்தமாத்தான் இருக்கு.

இரண்டு வழி. மழையில் நிற்கும்போது மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் நேராகவே இறங்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உள்சுவரில் வேர்த்து இறங்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். அதனால்தான் பறக்கும் முன் சின்னப் பாத்திரத்தில் மாதிரி பிடித்துப் பார்க்கும் டிரெயின் துளைகள் அடியில் இருக்கின்றன. 172எஸ் மாடலில் மொத்தம் 13 இடம். சலிப்பாக இருக்கும், தெரியும். பதின்மூன்றிலும் எடுங்கள்.

"சுத்தமா இருக்கு" என்பதில்தான் ஒரு பொறி இருக்கிறது. பாத்திரம் முழுக்கத் தண்ணீரே வந்தாலும் அது சுத்தமாகத்தான் தெரியும், நடுவில் கோடு விழாது. விமானப் பெட்ரோலான அவ்காஸ் 100எல்எல் நீல நிறத்தில் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். டீசல் வகை என்ஜினுள்ள டயமண்ட் விமானங்களும் அதே ஏப்ரனில் (விமானம் நிறுத்தும் தளம்) நின்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றுக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருளான ஜெட் ஏ-1. அது உங்கள் செஸ்னாவுக்குள் போனால் தரையில் ஓடி, மேலே ஏறும்போது என்ஜின் நின்றுவிடும்.

அவ்காஸ் இவ்ளோ விலையா இருக்கே, பங்க்ல போடற பெட்ரோல் ஊத்தினா என்ன?

கூடாது. நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். விமானத்தின் பழைய ரப்பர் சீல்களையும் குழாய்களையும் அரிக்கும். வெயிலில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தைத் தடுக்கும். ஆக்டேனும் போதாது. தரையில் ஓடும் வண்டியில் இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான். 500 அடியில் அப்படிச் சொல்ல முடியாது. ரோட்டாக்ஸ் 912 போன்ற சில என்ஜின்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலை உற்பத்தியாளரே அனுமதிக்கிறார், ஆனால் எத்தனாலுக்கு அங்கேயும் வரம்பு உண்டு.

நம் நாடு வெகுகாலம் அவ்காஸை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100எல்எல்-ஐ அறிமுகப்படுத்தியது.

ரன்-அப்ல மேக் டிராப் ஜாஸ்தி காட்டுது. கொஞ்ச நேரம் ஓட்டினா சரியாயிடுது. அப்ப ஓகேதானே?

பறக்கும் முன் தரையில் என்ஜினை வேகமாக ஓட்டிப் பார்ப்பது ரன்-அப். அப்போது இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றை அணைத்தால் என்ஜின் வேகம் குறைவதுதான் மேக் டிராப். அது அதிகமானால் பெரும்பாலும் பிளக்கில் ஈயம் படிந்த கோளாறு. 100எல்எல் என்ற பெயரில் குறைந்த ஈயம் என்று இருந்தாலும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவை நெம்புகோல்) முழுக்கத் தள்ளி வைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஐடிலில் நின்றால் கீழ்ப் பிளக்குகளில் அது மணிமணியாகப் படியும். 172எஸ்-ல் 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) ஒரு மேக்னெட்டோவுக்கு 150-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வேகத்தைக் கூட்டி, மிக்ஸ்சரைக் குறைத்து எரித்துவிட்டால் சரியாகும். சரியாகி, டிராப் அளவுக்குள் வந்தால் போகலாம். ஆனால் எழுதிவையுங்கள், ஏனென்றால் அதே பக்கம் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அது ஈயம் இல்லை. பிளக்கோ அதன் ஒயரான லீடோ மேக்னெட்டோவோ போய்க்கொண்டிருக்கிறது.

வராமல் தடுக்க, தரையில் ஓட்டும்போதே மிக்ஸ்சரைக் குறைத்து வையுங்கள், ஐடிலை 1000-க்கு மேலே வையுங்கள். நிறுத்தும் முன் 1800-ல் 15 முதல் 20 விநாடி ஓட்டச் சொல்கிறது லைகமிங். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தால் எங்கள் பிளக் செலவிலேயே அது தெரியும்.

இன்னொன்று: டிராப்பே இல்லை என்றால் மகிழாதீர்கள். ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

சாவியை எடுத்தாச்சு. ப்ரொப்பெல்லரைக் கையால தள்ளி நிறுத்தலாமா?

தொடாதீர்கள். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, தானே மின்சாரம் செய்துகொள்ளும். சாவியைத் திருப்பி அணைப்பது என்பது ஒரு ஒயர் வழியாக அதை உடற்கூட்டோடு இணைத்து ஊமையாக்குவது, அவ்வளவுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால் சாவி உங்கள் பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால், கையால் சுற்றியதிலேயே ஒரு தடவை வெடித்துச் சுழலும். அந்த ஒரு சுற்று போதும்.

ரன்-அப்பில் டிராப்பே வராததும் இதே ஒயர் அறுந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். டிராப் வரவில்லை என்றால் என்ஜினை நிறுத்திவிட்டு, ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

ஆயில் 8 குவார்ட் வரைக்கும் ரொப்பினா வயித்துல ஒழுகி வழியுது. கசிவா?

கசிவு இல்லை. 172எஸ் சம்ப் (ஆயில் தொட்டி) 8 குவார்ட் கொள்ளும் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு), குறைந்தபட்சம் 5 இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் மேலே உள்ளதை, காற்றுப் போக்கியான பிரீதர் குழாய் வழியாக வெளியே துப்பி, தனக்குப் பிடித்த அளவில் நின்றுகொள்ளும். ஒவ்வொரு என்ஜினும் எந்த அளவில் நிற்கிறது என்று ஹேங்கரில் கேட்டால் சொல்வோம். ஊற்றியதை ஊற்றியவரே எழுத வேண்டும், ஏனென்றால் எத்தனை மணிக்கு எத்தனை குவார்ட் குடிக்கிறது என்ற கணக்கு எங்களுக்குத் தேவை. எழுதாமல் ஊற்றினால் தேய்கிற என்ஜின்கூட ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

கம்ப்ரெஷன் 72/80-ன்னு எழுதியிருக்கு. 80 வரலைன்னா ஃபெயிலா?

இல்லை. சூடான என்ஜினில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறோம். 72 நல்ல எண். 60-க்குக் கீழே போனாலோ, ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விட 10, 15 குறைந்தாலோதான் துருவிப் பார்க்க வேண்டும். காற்று எங்கே தப்பிக்கிறது என்று காதை வைத்தாலே தெரியும். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே வரும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ஒரு தடவை எடுத்த எண்ணை விடப் போன தடவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

சீட் லேசா ஆடுது. இதுக்குப் போய் விமானத்தை நிறுத்துவாங்களா?

நிறுத்துவோம், யோசிக்கவே மாட்டோம். சீட்டைப் பிடித்து வைப்பது தண்டவாளத் துளையில் இறங்கும் ஒரு ஊசிதான். துளை தேய்ந்து நீண்டுவிட்டால், டேக்-ஆஃபில் மூக்கு உயரும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கிப் போகும். ஓட்டுகிறவர் கையில் பிடித்திருப்பது கட்டுப்பாட்டு யோக், கூடவே அதையும் இழுத்துக்கொண்டு போவார். மூக்கு இன்னும் நிமிரும், காலுக்கு ரட்டர் எட்டாது. செஸ்னாக்களில் இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க ஏவியேஷன் நிர்வாகம் 1987-ல் இதற்கென்றே கட்டாய உத்தரவு போட்டது. 2011-ல் அதைப் புதுப்பித்தார்கள். 100 மணி ஆய்வில் தண்டவாளத்தை ஏன் அளக்கிறோம் என்று முதல் கேள்வியில் சொல்லாமல் விட்டதற்குப் பதில் இதுதான். சீட்டைச் சரிசெய்த பிறகு முன்னும் பின்னும் ஒரு தடவை உலுக்கிப் பாருங்கள்.

லேண்டிங் கொஞ்சம் பலமா விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலை. சொல்லியே ஆகணுமா?

ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் காக்பிட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. 172 மூக்குச் சக்கரத்தில் முதலில் விழுந்தால் அந்த அடி, என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலின் கீழ்ப்பகுதிக்குப் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். கௌலிங்கைத் திறந்தால் தகடு சுருங்கியிருப்பது தெரியும். ரிவெட்டைச் சுற்றிக் கருப்புப் பொடி வழிந்திருந்தால் அது தளர்ந்துபோய் உள்ளேயே அரைபடுகிறது என்று அர்த்தம். பலத்த தரையிறக்கத்துக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கையேட்டில் தனிப் பட்டியலே உண்டு. நீங்கள் சொன்னால்தான் அதைத் திறப்போம்.

ப்ரொப்பெல்லர் எதையாவது தொட்டிருந்தால் கதையே வேறு. உயரமான புல்லில் உரசி ஆர்பிஎம் விழுந்ததைக்கூட லைகமிங் ப்ரொப்பெல்லர் அடியாகத்தான் கணக்கில் எடுக்கிறது, என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. என்ஜினுக்குள் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்கக் கியரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று 2004-ல் வந்த கட்டாய உத்தரவும் இருக்கிறது. பிளேடு நுனியை அரத்தால் தேய்த்து மறைப்பவர், அடுத்து அதில் ஏறப்போகிறவரிடம் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

மழைக்காலத்துல ரெண்டு வாரம் ஃப்ளையிங் இல்ல. தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதுமா?

அது நல்லதை விடக் கெடுதல்தான் அதிகம் செய்யும். பத்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. எரிதலில் உண்டான நீராவி உள்ளேயே தங்கி ஆயிலில் கலக்கும், அதில் அமிலம் சேரும். லைகமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நின்றுவிட்டால் அதன் மேலிருக்கும் ஆயில் வடிந்துவிடும், ஈரக் காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பிறகு ஓடும்போது அந்தத் துருவே அரமாகி, அதோடு உரசும் டேப்பெட்டைத் தின்னும். 30 நாளுக்குள் ஒரு தடவையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்பது லைகமிங் சொல்லும் அளவு. முடியாது என்று முன்பே தெரிந்தால் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகளை மாட்டி முறையாக மூடி வையுங்கள்.

2000 மணி முடிஞ்சா என்ஜின் ஆயுசு முடிஞ்சுதா? 1990 மணியில பறக்கறது ஆபத்தா?

இரண்டும் இல்லை. 2000 மணி அல்லது 12 வருடம் என்பது 172-ன் ஐஓ-360-எல்2ஏ என்ஜினுக்கு உற்பத்தியாளர் சொல்லும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைத்தல்) இடைவெளி. 152-ன் ஓ-235-எல்2சி என்ஜினுக்கு 2400. மாதம் 40 மணிக்குக் குறையாமல் தொடர்ந்து பறக்கும் என்ஜினுக்கு இன்னும் 200 மணி கூட்டிக்கொள்ள லைகமிங்கே இடம் தருகிறது. காரணம் முந்தைய கேள்வியில் இருக்கிறது, அடிக்கடி சூடாகும் என்ஜினில் துரு பிடிப்பதில்லை. இங்கே அந்த நீட்டிப்பு அங்கீகரித்த பராமரிப்புத் திட்டத்துக்குள் வந்தால்தான் செல்லும்.

ஃபில்டரும் கம்ப்ரெஷனும் ஆயில் கணக்கும் ஒழுங்காக இருக்கும் 1990 மணி என்ஜினில் நான் நிம்மதியாக ஏறுவேன். ஓவர்ஹால் முடிந்து வந்து முதல் 20 மணியில் இருக்கும் என்ஜினில்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.

செக் முடிஞ்சு வர்ற விமானம்தான் சார் அடுத்த நாளே மக்கர் பண்ணுது. ஏன்?

கேட்கிறவர்கள் கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் கேள்வி சரியானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையின் விமானங்களை ஆராய்ந்தவர்களில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளரும் இருந்தார். ஆய்வு முடிந்து வந்த உடனே எதிர்பாராத பழுதுகள் அதிகமாகி, பறக்கப் பறக்கக் குறைவதை அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வாடிங்டன் விளைவு என்றே அதற்குப் பெயர். நன்றாக இருந்த இணைப்பைத் திறந்து மூடும்போது ஒரு கிளாம்ப் இறுகாமல் போகலாம், ஒரு ஓ-ரிங் நசுங்கலாம், ஒரு துணி உள்ளேயே தங்கலாம்.

இதிலிருந்து ஆய்வே வேண்டாம் என்று அர்த்தம் எடுக்கக் கூடாது, தேவையில்லாததைத் திறக்காதே என்று எடுக்கலாம். வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்க்க வேண்டும், கருவிகளை எண்ணி வைக்க வேண்டும், முதல் பறத்தல் மாணவர் இல்லாமல் பகலில் ஓடுதளத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். செக் முடிந்த விமானத்தில் உங்கள் ப்ரீஃப்ளைட் வழக்கத்தை விட மெதுவாக நடக்கட்டும். எந்தப் பகுதியைத் திறந்தீர்கள் என்று எங்களிடம் கேளுங்கள், அங்கே இரண்டாவது தடவை பாருங்கள். எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை.

ஸ்நாக் எழுதினா விமானம் நின்னுடும், அன்னிக்கு எல்லாரோட ஃப்ளையிங்கும் போயிடும். வாய்ல சொன்னா போதாதா?

போதாது. ஸ்நாக் என்பது விமானத்தின் பதிவேடான டெக் லாகில் எழுதும் பழுதுக் குறிப்பு. வாயால் சொன்னது அந்த ஷிஃப்ட் முடிந்ததும் போய்விடும். காலையில் ஒரு மாணவர் ஆல்டர்னேட்டர் விளக்கு ஒரு தடவை மினுக்கியதைப் பார்க்கிறார். மதியம் இன்னொருவருக்கு ரேடியோவில் லேசான இரைச்சல். மறுநாள் மூன்றாமவருக்கு ஸ்டார்ட் எடுக்கச் சற்று நேரமாகிறது. தனித்தனியாக மூன்றும் அற்பம். ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தால் ஆல்டர்னேட்டர் போகப்போகிறது என்று எந்த ஏஎம்இ-யும் சொல்லிவிடுவார். 100 மணிக்கு ஒரு தடவை திறந்து பார்க்கும் நாங்கள் கண்டுபிடிப்பதை விட, நடுவில் ஓட்டுகிறவர்கள் எழுதுவதில்தான் அதிகம் தெரிகிறது. நான் இத்தனை கேள்விகளிலும் "எழுதுங்கள்" என்று நச்சரிப்பது அதனால்தான்.

எழுதினாலே நின்றுவிடும் என்பதும் உண்மை இல்லை. பகல் பறத்தலில் லேண்டிங் லைட் எரியாவிட்டால், விதி இடம் கொடுத்தால் முறையாகத் தள்ளிவைத்துப் பறக்க விடலாம். எதைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளிவைக்கக் கூடாது என்பதைக் கையெழுத்துப் போடுகிறவர் முடிவு செய்யட்டும். வணிக விமானி உரிமத்துக்கான 200 மணியை எட்ட ஓடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு ஒரு நாள் போவது வலிக்கும், பணமும் அவருடையது. அதனால்தான் இது பள்ளியின் பொறுப்பு என்கிறேன். ஸ்நாக் எழுதியவரை இன்ஸ்ட்ரக்டர் முறைத்தால் அடுத்த தடவை அவர் எழுத மாட்டார். ஒரு பள்ளியின் டெக் லாகைப் புரட்டும்போது ஸ்நாக்குகள் எல்லாம் மாலைக் கடைசி சார்ட்டியிலேயே வந்திருந்தால், அந்த விமானங்கள் காலையிலிருந்தே பழுதோடு பறந்தன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எழுதினா "தரையில் சோதித்தோம், சரியாக உள்ளது"ன்னு திருப்பித் தர்றாங்க. மேல போனா மறுபடி அதேதான். என்ன பண்றது?

சில கோளாறுகள் தரையில் வரவே வராது. சூட்டில், அதிர்வில், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டும். அப்போது உங்கள் வரிதான் எங்களுக்கு ஒரே துப்பு. "ரேடியோ சரியில்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "காம் 1-ல் கரகரப்பு, கேட்கும்போது மட்டும், ஸ்ட்ரோப் விளக்கைப் போட்டால் வருகிறது, அணைத்தால் போகிறது, காம் 2 நன்றாக உள்ளது" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. என்ஜின் முரண்டு பிடித்தால் உயரம், ஆர்பிஎம், மிக்ஸ்சர் எந்த நிலை, ஆயில் சூடு, எவ்வளவு நேரம், என்ன செய்ததும் சரியானது என்று எழுதுங்கள். காரணத்தை நீங்கள் ஊகிக்க வேண்டாம். "மேக்னெட்டோ கெட்டுவிட்டது" என்று எழுதினால் நாங்களும் அங்கேயே தேடிக்கொண்டிருப்போம்.

ஜி1000 (மின்னணுத் திரைக் கருவிகள்) உள்ள விமானமாக இருந்தால், பதிவு வசதி இருக்கும் பட்சத்தில், அந்தப் பறத்தலின் என்ஜின் எண்கள் எஸ்டி கார்டில் இருக்கும். அதை அழிக்காமல் எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது தடவையும் அதே ஸ்நாக் வந்தால் "முன்பு இந்தத் தேதியில் எழுதியதன் தொடர்ச்சி" என்று சேர்த்து எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஸ்நாக்கை "சரியாக உள்ளது" என்று மூடுவது எந்த ஏஎம்இ-க்கும் கஷ்டம். அப்போதும் பிடிபடாவிட்டால் இன்ஸ்ட்ரக்டரோடு எங்களில் ஒருவரையும் மேலே கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்கள். தரையில் அரை நாள் தேடியும் பிடிபடாதது சில சமயம் மேலே பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.